பழைய சோறும் பச்சை மிளகாயும்

தோழர்களே, "காரம் தின்றால் கோபம் வரும், பழையது தின்றால் புத்தி மந்தமாகும்" என்று யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இது மருத்துவம் அல்ல. பகவத்கீதையின் 17-ஆம் அத்தியாயம் உறைப்பும் புளிப்பும் மிகுந்ததை ராஜசம் என்றும், ஆறிப்போன பழையதையும் எச்சிலையும் தாமசம் என்றும் பிரிக்கிறது. பழைய சோறும் மிளகாயும் உண்டு வயலுக்குப் போன உழைப்பாளியின் தட்டு இரண்டு பட்டியலிலும் விழுகிறது.

ஆனால் கீதை எழுதியவர்கள் மிளகாயைப் பார்த்ததே இல்லை. அது அமெரிக்கக் கண்டத்துப் பூர்வகுடிகள் வளர்த்த பயிர். 1492-ல் கொலம்பஸ் அங்கே போன பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக இந்தியா வந்தது. அதுவரை காரம் என்றால் மிளகு. மிளகு மலையில் விளையும், கப்பலேறும், காசு கேட்கும். மிளகாய்க்குக் கொல்லையில் நாலு செடி போதும். வைதிக வீடுகளில் திவசச் சமையலுக்கு இன்றும் மிளகுதான், மிளகாய் கிடையாது. அவர்கள் விலக்கி வைத்ததே நம் கஞ்சிக்குத் துணையானது.

நெய்யின் கதை வேறு. 1936-ல் ஜெய்ப்பூர் சமஸ்தானத்துச் சக்வாரா கிராமத்தில், தலித் ஒருவர் தன் மக்களுக்கு வைத்த விருந்தில் நெய் பரிமாறினார் என்பதற்காகச் சாதி இந்துக்கள் தடியோடு வந்து அடித்தார்கள். 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் அம்பேத்கர் இதைப் பதிவு செய்திருக்கிறார். எதைத் தின்னலாம் என்பதையும் சாதிதான் தீர்மானித்தது.

நம் அம்மாக்களின் அறிவையும் எழுதி வைக்க வேண்டும். காம்பு பச்சையாக, தோல் விறைப்பாக இருப்பதைப் பார்த்து வாங்குவார்கள். காம்பைக் கிள்ளி, ஈரம் படாமல் துணியில் சுற்றி வைப்பார்கள். மிஞ்சியதை உப்பு மோரில் ஊறவைத்து வெயிலில் காயவைத்தால் மோர் மிளகாய். பச்சை மிளகாயில் வைட்டமின் சி நிறைய உண்டு. காய்கறி வாங்க வழியில்லாத வீட்டுக்கு அது சிறிய விஷயமல்ல.

அந்த நாலு செடிக்கும் நிலம் வேண்டுமே! 1892-ல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்டோருக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணையிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் வானூர் அதற்குள் வந்தது. இந்தப் பக்கம் சேதராப்பட்டு 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் அந்த ஆணை இங்கே எட்டவில்லை. பிறகு தொழிற்பேட்டை வந்தது. சேதராப்பட்டு, கரசூர் நிலங்கள் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்காகக் கையகப்படுத்தப்பட்டன. வயல் போனால் வயல் கூலியும் போகும், வரப்போரத்துச் செடியும் போகும். கொல்லையில் பறித்ததைக் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

மாணவத் தோழர்களே, உங்கள் பாட்டியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "என்ன சாப்பிட்டாய்? அது யார் நிலத்தில் விளைந்தது?" பதிலை அவர் சொன்னபடியே எழுதி வையுங்கள். நம் வரலாற்றுக்கு அது ஆவணம்.

ஜெய்பீம்.