மீன்களுக்கு முன்: சமநிலை என்னும் கதையாடல்

1

வீட்டில் மீன்தொட்டி வைக்கிறவர் முதலில் எதிர்கொள்வது மீன் இல்லாத தண்ணீரைத்தான். தொட்டி வந்தாயிற்று, சரளையை அலசிப் பரப்பியாயிற்று, குழாய்த் தண்ணீரின் குளோரினைப் போக்கியாயிற்று, ஃபில்டரும் ஓடுகிறது. தண்ணீர் அடிவரை தெளிந்து கிடக்கிறது. ஆனாலும் நான்கிலிருந்து ஆறு வாரம் பொறுக்கச் சொல்கிறார்கள் விஷயம் தெரிந்தவர்கள். சென்னை கொளத்தூரில் வண்ணமீன் விற்கிற ஒருவரிடம் காரணம் கேட்டேன். 'தண்ணி இன்னும் பழகல சார்' என்றார். இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் தண்ணீர் எதற்குப் பழக வேண்டும்? யாரோடு?

இந்தக் காத்திருப்புக்குப் பின்னால் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வரலாறு ஒன்று இருக்கிறது. யாருடைய வேலை ஏட்டில் ஏறியது, யாருடைய வேலை ஏறாமல் போனது என்பதன் வரலாறாகவே நான் அதை வாசிக்கிறேன்.

2

1846இல் அன்னா தின் என்ற சீமாட்டி டார்க்கீ கடற்கரையில் சில கல்பவள உயிரிகளைக் கண்டெடுத்து லண்டனுக்குக் கொண்டுவந்தார். கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் உயர்பதவி வகித்த குரு. கடலுக்குத் தொலைவான நகரத்தில் கடலுயிரைச் சாகாமல் வைத்திருக்க வேண்டுமென்றால் கடல்நீரை அடிக்கடி வரவழைத்து மாற்ற வேண்டும். அது எப்போதும் நடக்கிற காரியமில்லை. ஆகவே இருக்கிற தண்ணீரையே பிழைக்க வைக்க ஒரு வழி கண்டார்கள். திறந்த சன்னலருகே நின்று தண்ணீரைப் பாத்திரத்திலிருந்து பாத்திரத்துக்கு ஊற்றி ஊற்றி ஆற்றுவது. நம்ம டீக்கடை மாஸ்டர் ஆற்றுவாரே, அந்த மாதிரி. தினமும் அரைமணியிலிருந்து முக்கால் மணி நேரம். காற்று நீரில் கலந்தது, உயிர்கள் பிழைத்தன.

ஆற்றியது சீமாட்டியின் கைகளல்ல, வீட்டு வேலைக்காரப் பெண்ணின் கைகள். தின் தன் அனுபவத்தை 1859இல் ஓர் அறிவியல் இதழில் எழுதியபோது, இது களைப்பு தருகிற வேலைதான், ஆனால் அந்தப் பெண் இதை ஒரு பொழுதுபோக்காக எடுத்துக்கொண்டாள் என்ற பொருள்பட எழுதுகிறார். பெயர் சொல்லவில்லை. உழைப்பை உழைக்கிறவரின் சந்தோஷமாக மாற்றி எழுதுவது எசமானப் பிரதிகளின் பழைய பழக்கம். இருந்தாலும் அந்த ஒரு வாக்கியத்துக்காக தின்னுக்கு நன்றி சொல்ல வேண்டும். அவருக்குப் பின்னால் வந்த ஆண் விஞ்ஞானிகளின் பிரதிகளில் அந்தக் கைகளும் இல்லை.

3

லண்டன் மருந்தாளர் சங்கத்தின் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், 1849இல் 12 காலன் கலத்தில் இரண்டு பொன்மீன்களையும் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியையும் விட்டுப் பார்த்தார். செடி ஆக்சிஜன் தருகிறது, மீன் கரியமில வாயு தருகிறது, கணக்கு நேராகிவிடும் என்பது எதிர்பார்ப்பு. ஆகவில்லை. செடியின் இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. நத்தைகளை விட்டார், அவை அழுகலைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது. நத்தை முட்டைகள் மீனுக்கு இரையாயின. 1850இல் இதை வெளியிட்டார். 'சமநிலைத் தொட்டி' என்ற கருத்தாக்கம் இங்கிருந்துதான் பரவியது.

இது சும்மா ஒரு வேதியியல் முடிவாக நின்றுவிடவில்லை. காலத்தைப் பாருங்கள். பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி 1845இல் நீக்கப்பட்டது. கண்ணாடி நடுத்தர வர்க்கத்தின் கைக்கு எட்டியது. மறு ஆண்டே தானியச் சட்டங்கள் ரத்தாயின. சுதந்திர வணிகம் வென்றது. ஒவ்வொருவரும் தன் பசியைப் பார்த்துக்கொண்டால் போதும், மொத்தமும் தானாகச் சரியாகிவிடும் என்று பொருளாதாரம் பேசிக்கொண்டிருந்த நாட்டில், அதே வாக்கியத்தை மீனும் செடியும் நத்தையும் வரவேற்பறையில் நடித்துக் காட்டின. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. இரண்டும் ஒரே சொல்லாடலுக்குள் புழங்கின என்கிறேன்.

1853இல் லண்டன் விலங்குக்காட்சிசாலையில் மீன்இல்லம் திறக்கப்பட்டது. 1854இல் ஃபிலிப் ஹென்றி காஸ்ஸின் நூல் 'அக்வேரியம்' என்ற சொல்லை வீட்டுச் சொல்லாக்கியது. கூட்டம் கடற்கரைக்கு ஓடியது. தொட்டிகளை நிரப்பப் பாறைக்குட்டைகள் சூறையாடப்பட்டதைக் காஸ்ஸின் மகன் எட்மண்ட் 1907இல் துக்கத்தோடு பதிவு செய்தார். தானாக இயங்கும் உலகம் என்று விற்கப்பட்ட பெட்டி, இன்னொரு உலகத்தைக் காலி செய்துதான் நிரம்பியது. தொட்டிக்கு உறவான இன்னொரு கண்ணாடிப் பெட்டியும் உண்டு. செடிகளைக் கப்பலில் கொண்டுபோக உதவிய வார்டு பெட்டி அது. சீனத் தேயிலை இந்தியாவுக்கும், தென்னமெரிக்கச் சின்கோனா 1861இல் நம் நீலகிரிக்கும் வந்தது அதில்தான்.

4

வாரிங்டனின் கணக்கில் ஆக்சிஜன் இருந்தது, கரியமிலம் இருந்தது, நைட்ரஜன் இல்லை. மீனின் செவுளிலிருந்தும் அழுகும் இரையிலிருந்தும் அம்மோனியா வருகிறது. கண்ணுக்குத் தெரியாது. தெளிந்த தண்ணீரிலேயே மீனைக் கொன்றுவிடும்.

விடை சாக்கடையிலிருந்து வந்தது. 1877இல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் மணலும் சுண்ணாம்பும் நிரப்பிய நீண்ட குழாய் வழியே கழிவுநீரை மெல்ல இறக்கினார்கள். சுமார் 20 நாட்கள் எந்த மாற்றமும் இல்லை. அதன்பின் அம்மோனியா நைட்ரேட்டாக மாறி வெளிவரத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், மாற்றம் நின்றுபோனது. ஆக, வேலை செய்வது மணலல்ல, மணலில் குடியேறிய உயிர்கள்.

இந்த உயிர்களைத் தேடி ரோதம்ஸ்டட் ஆய்வுப்பண்ணையில் பல ஆண்டுகள் உழைத்தவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். பொன்மீன் வாரிங்டனின் மகன்! அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகிறது, பிறகு நைட்ரேட்டாகிறது, இரண்டு கட்டங்களுக்கும் வேறு வேறு உயிர்கள் என்பதுவரை கண்டார். ஆனால் அவற்றைத் தனியே பிரிக்க முடியவில்லை. 1890இல் வினோகிராட்ஸ்கி அதைச் செய்தார். தகப்பன் 'சமநிலை' என்று பெயர் வைத்த இடத்தில் நடந்துகொண்டிருந்த வேலையைத் தேடி மகன் ஆயுளின் நல்ல பகுதியைச் செலவிட்டார்.

தண்ணீர் பழகுகிற வாரங்களில் நடப்பதும் இதுவே. மீன் இல்லாத தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை இரை போட்டால் அழுகும். அம்மோனியா ஏறும், சில நாளில் இறங்கும், நைட்ரைட் ஏறும், அதுவும் இறங்கும், நைட்ரேட் சேரும். முதல் இரண்டும் பூஜ்யத்தில் நின்ற பிறகே மீன், அதுவும் ஒன்றிரண்டாக. ஓடிக்கொண்டிருக்கிற தொட்டியின் பழைய பஞ்சைக் கொண்டுவந்து ஃபில்டரில் வைத்தால் நாள் குறையும். அந்த அழுக்குப் பஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கழுவினால் குளோரின் குடியேறியவர்களைக் கொன்றுவிடும். தொட்டித் தண்ணீரிலேயே அலசிப் பிழிய வேண்டும்.

பட்டியலும் முடிந்துவிடவில்லை. நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்று நூல்கள் சொல்லிவந்தன. நன்னீர்த் தொட்டிகளில் முக்கியமானது நைட்ரோஸ்பைரா என்று 1998இல் தெரிந்தது. 2005இல் சியாட்டில் மீன்காட்சியகத்துச் சரளையிலிருந்து பாக்டீரியாவே அல்லாத ஓர் ஆர்க்கியா உயிர் பிரித்தெடுக்கப்பட்டது. அதுவும் அம்மோனியாவை மாற்றுகிறது. 2015இல் இரண்டு கட்டத்தையும் தனியே முடிக்கிற பாக்டீரியாவும் வெளிப்பட்டது.

5

இங்கே ஓர் உருவகம் கையை நீட்டிக் கூப்பிடுகிறது: தொட்டியின் அழுக்கை அகற்றும் கண்காணா உழைப்பாளிகள், சமூகத்தின் அழுக்கை அகற்றும் கண்காணா உழைப்பாளிகள். மறுக்கிறேன். நைட்ரோஸ்பைராவுக்கு அது இரை. யாரும் அதன்மேல் சுமத்தவில்லை. மலக்குழிக்குள் மனிதன் இறக்கப்படுகிறான். 1993லும் 2013லும் தடைச் சட்டங்கள் வந்த பிறகும் இறக்கப்படுகிறான். சாதி வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலையாட்களையே பிரித்து அடுக்குவது என்று 1936இலேயே அம்பேத்கர் எழுதிவிட்டார். இயற்கையில் அவரவர்க்கு ஒரு வேலை இருக்கிறது, ஊரிலும் அப்படித்தான் என்ற வாதத்துக்குத் தொட்டியைச் சாட்சியாகக் கூப்பிட்டால், விக்டோரிய வரவேற்பறை செய்ததையே நாமும் செய்கிறோம்.

தொட்டி காட்டுவது வேறொன்றை. 'தானாக' என்ற சொல் ஒரு கணக்குப் புத்தகத்தை மூடிவைக்கிறது. சமநிலை என்று யாராவது சொன்னால் - சந்தையைப் பற்றிச் சொன்னாலும் சரி, கிராமத்தைப் பற்றி, குடும்பத்தைப் பற்றிச் சொன்னாலும் சரி - அந்தப் புத்தகத்தைத் திறக்கச் சொல்லலாம். சன்னலருகே நின்று ஆற்றுவது யார், தினம் எத்தனை மணி நேரம், என்ன கூலிக்கு என்று அதில் தேடலாம்.