திரையில் கோடு விழுந்த லப்டொப்புகள்

2008 ஜூலை 2ஆம் திகதி, என்விடியா நிறுவனம் தன் பங்குதாரர்களுக்குச் சொல்லவேண்டிய ஒரு செய்தியை அமெரிக்கப் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுவிடம் பதிந்தது. லப்டொப்புகளில் பாவிக்கப்படும் தங்கட முந்தைய தலைமுறைச் சிப்புகள் சில, வழமையைவிடக் கூடுதலாகப் பழுதாகின்றன. அதைத் திருத்தவும் மாற்றிக்கொடுக்கவும் 15 கோடி முதல் 20 கோடி டொலர் வரை ஒதுக்கப்போகிறோம் என்பதுதான் செய்தி. காரணம் என்று மூன்றைச் சொன்னார்கள். சிப்பையும் அதன் பொதியையும் செய்த பொருட்களின் பலவீனம், லப்டொப்பின் வெப்பம் வெளியேற்றும் அமைப்பு, வாடிக்கையாளர் பாவிக்கும் விதம். இந்த மூன்றாவதை வாசிக்கும்போது இண்டைக்கும் எங்களுக்குச் சிரிப்பு வரும். லப்டொப்பைத் திறந்து, வேலை செய்து, மூடி வைப்பதைத் தவிர வேறெப்படித்தான் பாவிப்பது?

அடுத்த நாள் என்விடியாவின் பங்கு விலை கிட்டத்தட்ட 30 சதவீதம் விழுந்தது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு விசயம் ஒரே இரவில் விளங்கிவிட்டது. லப்டொப் வைத்திருந்தவர்களுக்கு விளங்க வருடக்கணக்கானது.

அந்த நாட்களில் லப்டொப் வைத்திருந்தவர்களுக்கு அறிகுறிகள் நினைவிருக்கும். முதலில் திரையில் மெல்லிய நிறக் கோடுகள். பிறகு எழுத்துகளுக்கு நடுவில் சின்னச் சின்னச் சதுரங்கள். ஒருநாள் பட்டனை அமத்தினால் பான் சுத்தும், லைற் எரியும், திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கும். அதிகம் அடிபட்டவை 2007இல் வந்த ஜீபோர்ஸ் 8400எம், 8600எம் சிப்புகள் பூட்டிய டெல், எச்.பி., அப்பிள் மெஷின்கள். மேசைக் கணினியில் கிராபிக்ஸ் காட் என்றால் கழட்டிப் புதுசு போடலாம். இந்த லப்டொப்புகள் பெரும்பாலானவற்றில் அந்தச் சிப் மதர்போட்டோடேயே ஒட்டியிருந்தது. சிப் போனால் போட் போச்சு. போட்டின் விலையைக் கேட்டால் லப்டொப்பே போச்சு.

உள்ளே என்ன நடந்தது? சிப்பின் சிலிக்கன் துண்டு, கண்ணுக்கு எளிதில் தெரியாத பற்றாசுக் குமிழ்கள் பலவற்றின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறது. குமிழ்களுக்குக் கீழே பிசினும் செம்பும் கலந்த ஒரு சின்னத் தட்டு. சூடேறும்போது இரண்டும் விரியும், ஆனால் ஒரே அளவில் அல்ல: தட்டு சிலிக்கனைவிட ஐந்து மடங்கு அளவில் கூட விரியும். குளிரும்போது திரும்பச் சுருங்கும். நடுவில் மாட்டுப்பட்ட குமிழ்தான் இந்த இழுபறியைத் தாங்கவேண்டும். அதுக்கு உதவியாக இடைவெளிகளை ஒரு வகைப் பிசினால் நிரப்புவார்கள். என்விடியா பாவித்த நிரப்புப் பிசின், சிப் வேலை செய்யும் வெப்பத்திலேயே இளகிவிடுகிற வகை என்று, தி இன்குவைரர் தளத்தில் சார்லி டெமெர்ஜியன் 2008இல் தொடராக எழுதினார். பிசின் இளகினால் சுமை முழுக்கக் குமிழில்தான் விழும். ஒவ்வொருமுறை போட்டு நிப்பாட்டும்போதும் ஒரு வெடிப்பு மயிரிழை மயிரிழையாக வளரும். கம்பியை முன்னும் பின்னும் வளைச்சு முறிக்கிற மாதிரித்தான்.

இதில் எங்கட பெடியள் மத்தியில் இண்டைக்கும் உலாவுகிற ஒரு கதையைத் திருத்தவேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1இலிருந்து இலத்திரனியல் பொருட்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியது. ஈயமில்லாத பற்றாசு முறுகலானது, அதனால்தான் எல்லாம் வெடித்தது, சூழலியல்காரர் செய்த வேலை இது என்பார்கள். போட்டில் சிப்பை ஒட்டுகிற வெளிப் பற்றாசு விசயத்தில் இந்தப் பேச்சில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். ஆனால் என்விடியாவின் உட்குமிழ்கள் ஈயமில்லாதவை அல்ல, பெரும்பகுதி ஈயமேயானவை. 85 சதவீதத்துக்கு மேல் ஈயமுள்ள பற்றாசுக்கு அந்தச் சட்டமே விலக்கு அளித்திருந்தது. நஞ்சைக் குறைக்கப் போட்ட சட்டத்தின் தலையில் ஒரு கொம்பனியின் பொருள் தெரிவைக் கட்டிவிடுவது சரியில்லை.

நிறுவனங்கள் என்ன செய்தன என்பதும் பதியப்படவேண்டியது. டெல்லும் எச்.பி.யும் பயோஸ் புதுப்பிப்பு வெளியிட்டன. பான் முன்னதாகவே சுத்தத் தொடங்கும், கூட நேரம் சுத்தும். சூட்டின் ஏற்ற இறக்கம் குறைவதால் வெடிப்பு மெதுவாக வளரும். மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? வொரண்டி முடியும்வரை என்றுதான் அப்போதே பலர் குத்திக்காட்டினார்கள். எங்களுக்கும் அது அநியாயமான சந்தேகமாகத் தெரியவில்லை. பிறகு இரண்டு கொம்பனிகளும் வொரண்டியைக் கூட்டிக்கொடுத்தன. அப்பிள், தன் மெஷின்கள் பாதிக்கப்படவில்லை என்று முதலில் என்விடியா உறுதியளித்ததாகவும், தானே பார்த்தபோது சில பாதிக்கப்பட்டிருந்ததாகவும் 2008 ஒக்டோபரில் சொல்லி, வாங்கி இரண்டு வருடத்துக்குள் என்றால் இலவசமாகத் திருத்துவோம் என்றது. காலத்தைப் பிறகு நீட்டியது. 2010இல் என்விடியாவுக்கு எதிரான கூட்டு வழக்கு இணக்கத்தில் முடிந்தது. ஆனால் அது அமெரிக்காவில் வாங்கியவர்களுக்கு.

எங்களுக்கு இது முக்கியமாவது இந்த இடத்தில்தான். இங்கே வந்த லப்டொப்புகளில் ஒரு பகுதி, கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற மாமா, சித்தி ஆக்கள் இரண்டு மூன்று வருடம் பாவித்துவிட்டு, ஊருக்கு வரும்போது கொண்டுவந்து தந்தவை. வொரண்டி அங்கே, ரசீது அங்கே, வழக்கு அங்கே. வெடிப்பு மட்டும் எங்களோடு வந்தது. நீட்டிய வொரண்டி என்று ஒன்று இருந்ததே எங்களில் பலருக்குத் தெரியாது. கடையில் கொடுத்தால், ஹீற் கன்னால் சிப்பைச் சூடாக்கித் தருவார்கள். படம் வரும், காசு கொடுத்துக் கூட்டிக்கொண்டு வருவோம். ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழியத் திரும்பக் கறுப்பு.

ஏன் அப்படி? வீட்டில் போட்டை அவனில் வைத்து எடுத்தவர்களும் உலகம் முழுக்க இருந்தார்கள், வழமையாக 200 பாகை செல்சியஸ் அளவில். ஆனால் ஈயமில்லாத வெளிப் பற்றாசு உருகுவது 217 பாகையில். உள்ளே இருக்கிற ஈயக் குமிழ் உருக 300ஐத் தாண்டவேண்டும். அவனில் எதுவும் உருகுவதில்லை. சூட்டில் எல்லாம் அசைந்து, வெடிப்பின் இரண்டு கரையும் கொஞ்ச நாளைக்கு முட்டிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். கீழ்ப் பற்றாசு உருண்டைகளைப் புதுசாகப் போடுகிற ரீபோலிங் வேலைக்கும், பழைய சிப்பையே திருப்பி ஒட்டினால், இதே முடிவுதான்; பழுது சிப்பின் வயிற்றுக்குள்.

அந்தக் கொஞ்ச நாளுக்கு ஒரு பெறுமதி இருந்தது, உள்ளே இருந்ததை எடுத்துவிடலாம். உண்மையில் அதற்குக்கூட அவசியமில்லை. ஹார்ட் டிஸ்க் வேறொரு பொருள். அதைக் கழட்டி ஒரு யூ.எஸ்.பி. உறையில் போட்டால் இன்னொரு கணினியில் வாசிக்கலாம். திரை கறுத்ததும் "லப்டொப் செத்துப்போச்சு" என்று பழைய இரும்போடு போட்டவர்கள், கலியாணப் படங்களையும் பட்டப்படிப்பு ஆய்வுகளையும், ஊரைவிட்டுப் போன சனத்தின் கடைசிப் படங்களையும் சேர்த்தே போட்டார்கள்.

2007 ஜூலையில் மைக்ரோசொவ்ற், எக்ஸ்பொக்ஸ் 360க்கு வொரண்டியை மூன்று வருடமாக்கி 100 கோடி டொலருக்கு மேல் ஒதுக்கியதும் வெப்பமும் பற்றாசும் சேர்ந்த கதைதான். 2011இன் 15, 17 அங்குல மெக்புக் புரோவில் ஏ.எம்.டி. ரேடியோன் சிப்புகள் இதே மாதிரி விழத் தொடங்கின. கூட்டு வழக்குப் போட்ட பிறகு, 2015 பெப்ரவரியில்தான் அப்பிள் இலவசத் திருத்தம் அறிவித்தது. 2016 முடிவோடு அதுவும் நின்றது. ஆனால் அந்த மெஷின்களில் இன்டெல் புரோசஸருக்குள்ளேயே இரண்டாவது கிராபிக்ஸ் ஒன்று இருந்தது. பழுதான ரேடியோனை மென்பொருளால் ஒதுக்கியும், அதுக்குக் கறண்ட் போகிற வழியைப் போட்டில் வெட்டியும், இன்டெல்லில் மட்டும் ஓடவைக்கும் வழிகளைப் பாவனையாளர்களே கண்டுபிடித்தார்கள். விளையாட்டு ஓடாது, பக்கத்தில் இன்னொரு திரையைப் பூட்ட ஏலாது. எழுதலாம், வாசிக்கலாம், படம் பார்க்கலாம். 2007இன் மெக்புக் புரோவுக்கு அந்த வழியும் இல்லை; அதில் இருந்தது ஒரேயொரு கிராபிக்ஸ் சிப்.