நேட்டால் தமிழரும் ஆப்பிரிக்க தேசமும்

கோட்டூர்புரத்தில் வசிக்கிற எங்களுக்குக் காந்தி மண்டபச் சாலை நித்தியம் நடமாடும் சாலை. 1956-இல் ராஜாஜி திறந்து வைத்த மண்டபத்தின் பெயரைத் தாங்கி, 2010-இல் எழுந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் வாசல் வழியாக அது செல்கிறது. அந்த நூலகத்தில் தென்னாப்பிரிக்கச் சரித்திரத்தைப் படிக்கத் தொடங்கிய நாள்முதல் ஒரு விசாரம் என்னை விட்டபாடில்லை. தென்னாப்பிரிக்காவைக் காந்தியடிகளின் பரிசோதனைக் களமாகவும் தில்லையாடி வள்ளியம்மையின் தியாக பூமியாகவும் மாத்திரமே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். 1914-இல் காந்தியடிகள் அங்கிருந்து விடைபெற்றதோடு நம்முடைய கவனமும் விடைபெற்றுவிட்டது. அங்கேயே தங்கிப் பிள்ளை பெற்று, அம்மண்ணிலேயே மடிந்த நம்மவர், எப்பொழுது, எவ்விதம் ஆப்பிரிக்கர் ஆனார்கள்?

1860 அக்டோபரில் ஒப்பந்தக் கூலிகளான நம்மவரை ஏற்றிக்கொண்டு சென்னைத் துறையை விட்டுப் புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் நவம்பர் 16-ஆம் தேதி டர்பனை அடைந்தது. நேட்டாலின் பூர்வகுடிகளான ஜூலு ஜனங்கள், தங்களுக்கென்று நிலமும் மந்தையும் இருக்க, வெள்ளைக்காரனுடைய கரும்புத் தோட்டத்தில் அற்பக் கூலிக்கு உழைக்க இசையாமற் போனதால்தான், ‘கிர்மிட்’ ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்த நம் ஏழைக் குடியானவர்கள் மாதம் பத்து ஷில்லிங் சம்பளத்துக்குக் கடல் கடத்தப்பட்டார்கள் என்பதை முதலில் மனத்தில் இருத்தவேண்டும். பின்னால் நேர்ந்த கசப்புக்கெல்லாம் வித்து அங்கேயே இருக்கிறது. 1911 வரை போய்ச் சேர்ந்தவர் ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம் பேருக்கு மேல். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் சென்னை ராஜதானியிலிருந்து போனவர்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், உடம்பிலுள்ள மச்சம், தழும்பு என்று ஒவ்வொருவரைப் பற்றியும் எழுதி வைத்த கப்பற் பதிவேடுகள் இன்றும் டர்பனில் இருக்கின்றன. தழும்பைக் கூடக் குறித்துக்கொண்ட சர்க்கார், ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்மீது 1895-ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி சுமத்தியது. ஆயினும் ஜனங்கள் தங்கினார்கள். மவுண்ட் எட்ஜ்கோம்பில் கோயில் எழுப்பினார்கள், காவடி எடுத்தார்கள், தீ மிதித்தார்கள், தோட்டத்துக்கு விடுமுறை கிடைக்கும் ஈஸ்டர் நாட்களில் இசிப்பிங்கோ மாரியம்மனுக்குத் திருவிழா வைத்தார்கள்.

காந்தியடிகளிடத்தில் எனக்குள்ள பக்தி உண்மையைச் சொல்வதற்குத் தடையாகாது. ஆரம்ப காலத்தில் அவர் கேட்ட உரிமை பிரிட்டிஷ் பிரஜைகளான இந்தியருக்கு மட்டுமே உரியதாய் இருந்தது. ஆப்பிரிக்கரோடு ஒரே வாயிலில் நுழைய நேர்வதை ஆட்சேபித்து, டர்பன் தபாலாபீசில் இந்தியருக்குத் தனி வாயில் கேட்டுப் பெற்றதும் அக்காலத்துச் செய்தியே. 1906-இல் ஜூலுக்களின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது, சாட்டையடி பட்ட அம்மக்களின் புண்ணைக் கழுவிய அனுபவம் அவரை வெகுவாக உலுக்கியது. அவருடைய பீனிக்ஸ் ஆசிரமத்துக்கு அருகில், அதே இனாண்டாப் பகுதியில்தான் ஆப்பிரிக்கத் தலைவர் ஜான் டூபேயின் ஓலாங்கே வித்தியாசாலை நடந்துவந்தது. ‘இந்தியன் ஒப்பீனியன்’ தொடங்கிய 1903-இலேயே டூபேயும் ‘இலாங்கா’ பத்திரிகையைத் தொடங்கினார். 1912-இல் ஆப்பிரிக்கக் காங்கிரஸின் முதல் தலைவரும் ஆனார். இரண்டு போராட்டங்கள் அயல் வீடுகளிலே வளர்ந்தும், அவை ஒன்றாய்க் கலக்க வெகுகாலம் பிடித்தது.

1947 மார்ச்சில் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தலைவர் டாக்டர் மாண்டி நாயக்கர், டிரான்ஸ்வால் இந்தியக் காங்கிரஸின் டாக்டர் தாதூவோடு சேர்ந்து, ஆப்பிரிக்கக் காங்கிரஸ் தலைவர் டாக்டர் ஸூமாவுடன் உடன்படிக்கை செய்துகொண்டார். இரண்டு வருஷங்கூட ஆகவில்லை. 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் கலகம் மூண்டு 142 பேர் மாண்டார்கள். வெள்ளையன் ஏணியை நிறுத்தி, நடுப்படியில் இந்தியக் கடைக்காரரையும் பஸ் முதலாளியையும் நிற்க வைத்தால், கீழ்ப்படியில் மிதிபடுகிறவனுடைய கோபம் எட்டும் காலைத்தான் பற்றும். மறுவருஷம் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டமோ இருவரையுமே வீட்டை விட்டு விரட்டியது. நூறு வருஷம் உழைத்த பிறகும், 1961-இல்தான் இந்தியர் அந்நாட்டின் நிரந்தரக் குடிகளாக அங்கீகரிக்கப்பட்டார்கள்.

இதற்கிடையில் தமிழ்மொழி நம்மவர் வீட்டை விட்டு நழுவிற்று. கென்யாவின் ங்கூகி வா தியாங்கோ ஆங்கிலத்தில் நாவல் எழுதுவதைத் துறந்து கிக்கூயுவுக்குத் திரும்பினார். திரும்புவதற்கு அவருக்கு ஒரு கிராமமே அம்மொழியைப் பேசிக்கொண்டிருந்தது. டர்பன் தமிழருடைய பேரப்பிள்ளைகளுக்குத் தேவாரம் ஆங்கில எழுத்தில் எஞ்சியது. 1996-ஆம் வருஷத்து அரசியல் சாசனம் பேணப்படவேண்டிய மொழிகளுள் தமிழையும் பெயர் சொல்லிக் குறித்திருப்பது எனக்குப் பெருமிதமே. ஆனால் அவர்களுடைய விடுதலை மொழி வழியாக வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1970-களில் ஸ்டீவ் பீக்கோவின் கறுப்பு உணர்வு இயக்கத்தில் சேர்ந்த ஸ்ட்ரினி மூட்லி, சாத்ஸ் கூப்பர் போன்ற டர்பன் இளைஞர்கள், ‘இந்தியர்’ என்று ஆட்சியாளர் கொடுத்த பெட்டியை உதறிவிட்டுத் தங்களைக் கறுப்பர் என்றே அழைத்துக்கொண்டார்கள். மொஸாம்பிக்கின் விடுதலையைக் கொண்டாட 1974 செப்டம்பரில் கூட்டம் கூட்டியதைத் தொடர்ந்து வழக்குக்குள்ளாகி, ராபன் தீவில் சிறைவாசமும் அனுபவித்தார்கள். கறுப்பர் என்ற அந்த வார்த்தையைக் கேட்டு அந்நாளில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் திகைத்திருக்கும். வெளுப்பை விரும்பும் நம் சமூகத்தை அறிந்த எனக்கு அதன் தைரியம் விளங்குகிறது.

வள்ளியம்மையின் கதையைக் கேட்டு வளர்ந்த குழந்தைகளுக்கு அதன் தொடர்ச்சியாகத் தம்பி நாயுடுவின் குடும்பக் கதையைச் சொல்ல விரும்புகிறேன். மொரீஷியஸில் பிறந்து, ஜோஹனஸ்பர்க் தமிழரின் தலைவராய்ப் பலமுறை சிறை சென்றவர் அவர். 1914-இல் காந்தியடிகளுக்கு விடைகொடுக்கையில் தம் நான்கு புதல்வரையும் அவரிடமே ஒப்படைத்தார். அவர்களில் ஒருவரான நாராயணசாமி, தாகூரின் சாந்திநிகேதனத்தில் பயின்று மீண்டும் ஜோஹனஸ்பர்க் திரும்பினார். அவருடைய மகன் இந்திரெஸ், ஆப்பிரிக்கக் காங்கிரஸின் ஆயுதப் படையில் சேர்ந்து, 1963 முதல் பத்து வருஷம் ராபன் தீவில் கல்லுடைத்தார். மகள் சாந்தியை 1969-இல் பிடித்துத் தனிக்கொட்டடியில் அடைத்து, உறங்கவிடாமல் விசாரித்து, வின்னி மண்டேலாவுக்கும் மற்றவர்களுக்கும் எதிராகச் சாட்சி சொல்லும்படி நியாயஸ்தலத்தில் நிறுத்தினார்கள். என் சிநேகிதிகளுக்கு எதிராகப் பேசமாட்டேன் என்று அவர் மறுத்தார். அவரைப் போலவே அழைத்துவரப்பட்ட ஆப்பிரிக்கப் பெண்ணொருவரும் மறுத்தார். மறுத்த குற்றத்துக்காக இருவரையும் மறுபடி சிறைக்கு அனுப்பினார்கள்.