பரட்டைத் தலையும் ஈரப்பதமானியும்

கண் ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் போனைப் பார்க்க டாக்டர் அனுமதி கொடுத்திருக்கிறார். இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பேத்தி பேசினாள். அடுத்த மாதம் அவளுக்கு நிச்சயதார்த்தம். "பாட்டி, பார்லர்ல முடிய நேராக்கிக்கப் போறேன். உங்க முடிதான் எனக்கு வந்திருக்கு. மழை வந்தாலே பரட்டையா நிக்குது" என்றாள். சரிம்மா என்று போனை வைத்துவிட்டேன். ஆனால் அந்தப் 'பரட்டை' என்ற சொல் இரண்டு நாள் தூங்கவிடவில்லை. அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

ஜெனீவாவில் ஹொரேஸ் பெனடிக்ட் டி சொசூர் என்று ஓர் அறிஞர் இருந்தார். ஆல்ப்ஸ் மலைகளில் ஏறி இறங்கி, காற்றின் குணங்களை அளந்தவர். காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளக்க அவர் எடுத்துக்கொண்டது மனிதத் தலைமுடி. ஈரம் ஏறினால் முடி நீளும், காய்ந்தால் சுருங்கும். முழுக்கக் காய்ந்த நிலைக்கும் முழு ஈரத்துக்கும் இடையே சுமார் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு வித்தியாசம் வரும். அந்த அசைவை ஒரு முள்ளில் கட்டி, 1783இல் தன் நூலில் விவரித்தார். முடி ஈரப்பதமானிகள் இருநூறு வருடம் வானிலை நிலையங்களில் வேலை செய்தன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. முடியை அப்படியே கட்டினால் கருவி சரியாக வேலை செய்யாது. அதிலுள்ள எண்ணெய்ப் பசை ஈரத்தைத் தடுக்கும். ஆகவே சொசூர் சோடா உப்புக் கரைசலில் முடியைக் கொதிக்க வைத்து, எண்ணெயை எடுத்துவிட்டுத்தான் பயன்படுத்தினார். முடி ஈரத்தை உணர வேண்டும் என்று அவர் எண்ணெயை எடுத்தார். முடி ஈரத்தை உணரக் கூடாது என்று நம் பாட்டிமார்கள் எண்ணெயை வைத்தார்கள். ஒரே அறிவியல்தான்!

உள்ளே நடப்பது இதுதான். முடி கெரட்டின் என்ற புரதம். அதன் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் கட்டுகளில் ஒரு வகை, தண்ணீர் பட்டாலே விடும், காய்ந்தால் மறுபடி சேரும். சுருட்டை முடியில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உப்புவதில்லை. அதனால் ஒவ்வொரு முடியும் தன் இஷ்டத்துக்கு வளைகிறது. மேல்தோல் செதில்கள் தூக்கிக்கொண்டால் இன்னும் மோசம்.

எங்கள் ஆத்தா வெள்ளிக்கிழமைதோறும் நல்லெண்ணெய் தேய்த்து ஊற வைப்பாள். சீயக்காய், பச்சைப்பயறு, வெந்தயம், பூலாங்கிழங்கு எல்லாம் மில்லில் கொடுத்து அரைத்த பொடியை வடிகஞ்சியில் கரைத்துத் தேய்ப்பாள். கண்ணில் பட்டால் உயிர் போகும். (என் தம்பி ஓடி வைக்கோல் போரில் ஒளிவான். இப்போது அவனுக்கு ஒளிக்க முடியே இல்லை.) சீயக்காயில் நுரைக்கும் பொருளும் இருக்கிறது, லேசான புளிப்புத் தன்மையும் இருக்கிறது. அதனால் செதில்கள் படிந்தே இருக்கும். கஞ்சி மேலே ஒரு பூச்சாகப் படியும். சாதாரண சோப்பு காரத்தன்மை உள்ளது, செதில்களைத் தூக்கிவிடும். குளிக்கிற சோப்பையே தலைக்கும் போட்டவர்களுக்கு முடி ஏன் தேங்காய் நார் ஆனது என்பதற்கு விடை இதுதான். தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003இல் இந்திய ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே.

பிறகு பாக்கெட் ஷாம்பு வந்தது. கடலூரில் 1983இல் தொடங்கிய சிக் ஷாம்பு பெட்டிக்கடை வரை தோரணமாகத் தொங்கியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சீயக்காய் அரைக்கிற வேலை மிச்சம். பெண்களுக்கு அது சின்ன விடுதலை அல்ல, அதையும் சொல்ல வேண்டும்.

முடியை அடக்கும் வரலாற்றில் கனமான அத்தியாயம் அமெரிக்கக் கறுப்பின மக்களுடையது. கிளீவ்லாந்தில் தையல் இயந்திரக் கடை வைத்திருந்த காரட் மார்கன், ஊசி சூடேறித் துணியைக் கருக்காமல் இருக்க ஒரு திரவம் தயாரித்துக்கொண்டிருந்தாராம். கை துடைத்த கம்பளித் துணியின் இழைகள் நேராகிவிட்டன. பக்கத்து வீட்டு நாயின் மேல் தடவிப் பார்த்து, அப்புறம் தன் தலையிலும் தடவிப் பார்த்து, 1913 வாக்கில் விற்கத் தொடங்கினார். 1923இல் போக்குவரத்து சிக்னல் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கியவரும் இவரே. அந்த மக்கள் காரப் பசையால் தலைத்தோல் எரிய எரிய முடியை நேராக்கியது அழகுக்காக மட்டும் அல்ல. சுருட்டை முடியோடு போனால் வேலை கிடைக்காது, பள்ளியில் ஒழுங்கில்லை என்பார்கள். கலிபோர்னியாவில் 2019இல்தான், இயற்கையான முடிக்காகப் பள்ளியிலோ வேலையிலோ பாகுபாடு காட்டக் கூடாது என்று சட்டமே வந்தது.

அதைப் படித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது.

எண்பதுகளின் கடைசி, ஐப்பசி அடைமழை. நான் வேலை பார்த்த ஒரு கடலோர ஊர். காலைப் பிரார்த்தனையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை வரிசையிலிருந்து வெளியே இழுத்தேன். தலை சிலும்பிக்கொண்டு நின்றது. "பரட்டைத் தலையோட வர்றியே, எண்ணெய் வைத்துப் படிய வாரத் தெரியாதா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். குழாயடிக்குப் போய்த் தண்ணீர் தொட்டு வாரி வரச் சொன்னேன். தண்ணீர் காய்ந்ததும் இன்னும் மோசமாகும் என்பது அறிவியல் டீச்சருக்குத் தெரியாதா? அன்று தோன்றவில்லை. என் தலையும் அதே சுருட்டைதான். கைநிறைய எண்ணெய் வைத்து இறுக்கிக் கொண்டை போட்டிருந்தேன், அவ்வளவே.

அன்று நாலாவது பீரியடில் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன் என்று பெருமையாக சொசூரின் கதையை நடத்தினேன். அந்தப் பிள்ளை எழுந்து, "டீச்சர், அப்போ என் முடியும் அந்தக் கருவி மாதிரிதானா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. "உட்கார்" என்றேன்.

மழைக்காலத்தில் அவள் அப்பாவுக்குக் கடல் தொழில் இல்லை என்பதும், வீட்டில் குழம்பு தாளிக்கவே எண்ணெயை எண்ணி ஊற்றினார்கள் என்பதும் பிறகு தெரிந்தது. அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

பேத்திக்கு நேற்று நானே போன் செய்தேன். முடியை நேராக்கும் பல மருந்துகள் சூடுபட்டால் பார்மால்டிஹைடு வாயுவை விடும். நம் லேபில் தவளையை ஊறப்போட்டிருந்தோமே, அந்த பார்மலின் ஜாதிதான். இதைச் சொன்னேன், முடிவை அவளிடமே விட்டுவிட்டேன். யோசிக்கிறாளாம்.

அந்த மாணவிக்கு இப்போது ஐம்பது வயது இருக்கும். பெயரை எழுதவில்லை, படித்தால் அவளுக்குத் தெரியும். அம்மா, அன்று பிரார்த்தனையில் நான் செய்தது தப்பு. மன்னித்துக்கொள். நாலாவது பீரியடில் நீ கேட்டதற்கு விடை: ஆமாம், அதே மாதிரிதான். வகுப்பிலேயே நீ ஒருத்திதான் பாடத்தைப் புரிந்துகொண்டிருந்தாய்.

சீயக்காய்ப் பொடிக்கு அளவு கேட்பவர்களுக்கு நாளை எழுதுகிறேன். கண்ணில் நீர் வடிகிறது, டாக்டர் திட்டுவார்.