திறந்த அறிவும் அதனைச் சுமந்தோரும்: மலையகத்திலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

அறிவு பொதுவுடைமை என்பது நம்மவர் அடிக்கடி எடுத்தாளும் வாக்கியம். ஆயினும் வரலாற்றை ஊன்றி நோக்குவோர்க்கு, அறிவு எக்காலத்தும் தானாகப் பொதுவுடைமை ஆனதில்லை என்பது புலனாகும். எழுதப்பட்ட மொழி, அச்சிட்ட ஏட்டின் விலை, அதனை வைத்திருந்த நிறுவனத்தின் வாயில் ஆகிய மூன்றும் அதற்கு வேலியிட்டு வந்துள்ளன. அவ்வேலியைக் கடந்து அறிவு வெளிவந்த இடங்களிலெல்லாம் அதனைத் தோளிற் சுமந்து வந்த மனிதர் சிலர் இருந்தனர். இன்று முன்னச்சையும் திறந்த விஞ்ஞானத்தையும் பரப்ப முனைவோர் இம்மரபினரே. அவர்களைத் தாங்குவது ஏன் நமது கடமையுமாகும் என்பதை, றொசல்லத் தோட்டப் புறத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த மாணவன் ஒருவனின் நிலைநின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னச்சு என்பது யாது? ஆய்வாளர் ஒருவர் தம் கட்டுரையைச் சஞ்சிகைக்கு அனுப்பினால், அது மதிப்பீட்டாளரைக் கடந்து வெளிவர மாதங்கள் பல செல்லும்; வெளிவந்த பின்னரும் சந்தா செலுத்தும் நூலகங்களுக்கே அது கிட்டுவதுண்டு. அக்காத்திருப்புக்கு முன்னரே, எவரும் கட்டணமின்றி வாசிக்கத்தக்கதாகப் பொதுக் களஞ்சியத்தில் வைக்கப்படும் கட்டுரைப் படியே முன்னச்சாகும். கட்டுரையோடு தரவுகளையும் ஆய்வுமுறைகளையும் பொதுவில் வைக்கும் நெறி திறந்த விஞ்ஞானம் எனப்படுகிறது.

பெயர் புதிதாயினும் இந்நெறியின் சாயலை நமது மலைநாட்டு வரலாற்றிலேயே காணலாம். 1869 ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதிக் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவெயிற்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவற்றை ஆராய்ந்த பேர்க்லி என்பார் அவ்வாண்டு நவம்பரிலேயே தோட்டக்கலை வார இதழொன்றில் அப்பூஞ்சணத்தைப் பெயரிட்டு அறிவித்தார். பின்னர் 1880 இல் அரசாங்கத்தால் வரவழைக்கப்பட்ட மாஷல் வோட், நோய்வித்துகள் காற்றிற் பரவி, ஈர இலையில் முளைத்து, இலைத்துளை வழியே உட்புகுவதைக் காட்டினார். 1882 இல் இலண்டன் விஞ்ஞான ஏடுகளில் அவருடைய முழுக் கட்டுரைகள் வெளிவருமுன்னரே, இடைக்கால அறிக்கைகள் இலங்கை அரசாங்கப் பத்திரங்களாக அச்சிடப்பட்டுவிட்டன. முடிந்த முடிபுக்குக் காத்திராது, தேவைப்படுவோர் கையில் ஆய்வினை முதலிற் சேர்ப்பித்த இச்செயல் இன்றைய முன்னச்சின் மூதாதை எனத்தகும்.

எனினும் அவ்வறிக்கைகள் யாருக்குத் திறந்திருந்தன என்பது இவ்விடத்து எழும் வினா. அவை ஆங்கிலம் வல்ல துரைமாருக்கே திறந்திருந்தன. கோப்பி அழிந்தபோது முதலில் வேலையிழந்த கூலித் தொழிலாளருக்கு, தம் வாழ்வைக் குலைத்தது எதுவென உரைப்பார் இருக்கவில்லை. கோப்பி போய்த் தேயிலை வந்த பின்னரும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. 1925 இல் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் அமைக்கப்பட்டது. பின்னர் அது தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. தேயிலை ஏற்றுமதி மீது அறவிடப்பட்ட தீர்வையே அதன் நிதி. அத்தேயிலையைக் கொய்தவை நம்மவர் கைகள். ஆயினும் அதன் ஆய்விதழ் ஆங்கிலத்திலேயே வெளிவந்தது. றொசல்லவிலிருந்து ஹற்றன், கொட்டகலை தாண்டினால் தலவாக்கலை. பாதையின் தூரம் சிறிது, அறிவின் தூரமோ பெரிது. 1946 இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கியபோது, கொழுந்தின் மாற்றத்தை நாள்தோறும் கண்முன் கண்டோர் தொழிலாளரே. அதனை விளக்கும் ஏடு அவர்களை எட்டவில்லை.

இத்தூரத்தைக் குறைக்க முற்பட்டோருள் முதலிடம் பெறுபவர் கோ. நடேசய்யர். தோட்டங்களுள் வெளியார் புகுதல் தடைப்பட்டிருந்த காலத்தில் அவர் புடைவை வியாபாரியாக வேடம் பூண்டு உட்சென்றார். 1931 இல் ஹற்றனைக் களமாகக் கொண்டு தொழிற்சங்கம் அமைத்தார். பத்திரிகைகளாலும் துண்டுப் பிரசுரங்களாலும் தொழிலாளரின் உரிமைகளை எடுத்துரைத்தார். எழுத்தறியாதோர்க்கு அச்சுப் பயன்படாதென உணர்ந்த அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் அச்செய்திகளைப் பாட்டாகப் பாடினார். அவர்கள் சுமந்தது ஆய்வேடன்று, உரிமைச் செய்தி என்பது உண்மையே. ஆனால் ஆவணம் இருப்பது மட்டும் போதாது, அதனை மக்களின் மொழிக்கும் செவிக்கும் கொண்டுசெல்வோர் வேண்டும் என்னும் பாடம் இரண்டிற்கும் பொதுவானது.

உலக அரங்கிலும் இப்பாடமே மெய்ப்பட்டது. 1961 இல் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் உயிரியல் ஆய்வுப் படிகளைத் தபால் மூலம் பரிமாறும் குழுக்களை அமைத்தன. 3,600 இற்கு மேற்பட்டோர் அதிற் பங்குகொண்டனர். 2,500 இற்கு மேற்பட்ட ஆவணங்கள் உலவின. அவ்வாறு உலவிய கட்டுரைகளை ஏற்கமாட்டோம் எனச் சஞ்சிகைகள் மறுக்கவே, 1967 இல் அம்முயற்சி முடிவுற்றது. 1991 இல் போல் கின்ஸ்பார்க் பௌதிகவியலுக்குத் தொடங்கிய ஆர்க்கைவ் களஞ்சியம் நிலைத்தது. சென்னைக் கணித விஞ்ஞான நிறுவனமும் அதன் பிரதியொன்றைப் பேணியது. உயிரியலில் இதற்கு ஒப்பான பயோஆர்க்கைவ் 2013 இலேயே தோன்றியது. 2020 பெருந்தொற்றின்போது டெக்சாமெதசோன் என்னும் மலிவான மருந்து கடும் நோயாளரின் மரணத்தைக் குறைக்கும் என்ற ஆய்வு யூன் 22 இல் முன்னச்சாகவும் யூலை 17 இல் சஞ்சிகையிலும் வெளிவந்தது. இடைப்பட்ட நாட்கள் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தோர்க்குச் சிறியவையல்ல.

மதிப்பீடு பெறாதவை மக்களைத் தவறாக வழிநடத்தாவோ எனச் சிலர் வினவுவர். அது நியாயமான ஐயமே. 2020 தொடக்கத்தில் புதிய வைரசை எச்.ஐ.வி. வைரசோடு தொடர்புபடுத்திய முன்னச்சொன்று பரபரப்பை ஊட்டியது. ஆயினும் ஆய்வாளர் பலரின் திறந்த கண்டனத்தால் அது சில நாட்களுள் மீளப்பெறப்பட்டது. மறுபுறம், அதே ஆண்டில் மதிப்பீடு பெற்றுப் புகழ்மிகு மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்த ஹைட்ரொக்சிகுளோரோகுயின் கட்டுரையும் இரு வாரங்களுள் திரும்பப் பெறப்பட்டது. பிழை இரு வழியிலும் நேரும். பலர் கண் படும் இடத்தில் அது விரைந்து வெளிப்படும். முன்னச்சை எவ்வாறு எச்சரிக்கையோடு வாசிப்பது எனக் கற்பிப்போர் தேவைப்படுவதும் இதனாலேயே.

அத்தகையோர் தமிழருள்ளும் உளர். சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்திற் பணியாற்றிய சுப்பையா அருணாசலம் இந்தியாவில் திறந்த அணுக்கத்திற்காகப் பல்லாண்டு வாதாடியவர். 2004 மே மாதத்தில் நிறுவனக் களஞ்சியங்களை அமைக்கும் பயிற்சிப் பட்டறைகள் அங்கே நடைபெற்றன. அந்நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் நடத்திய அறிவு மையங்களின் வரலாறு நினைவிற் கொள்ளற்பாலது. அமெரிக்கக் கடற்படை பொதுவில் வெளியிட்ட அலையுயர முன்னறிவிப்பு, வீராம்பட்டினத்து மீனவர்க்கு ஒலிபெருக்கி வழியே தமிழில் அறிவிக்கப்பட்டது. ஏடு திறந்திருந்தது, ஒலிபெருக்கியே அதனைப் பயன்படச் செய்தது.

இம்முயற்சிகள் பெரும்பாலும் தொண்டர்களின் ஓய்வு நேரத்திலேயே நடைபெறுகின்றன என்பது கவலைக்குரியது. 2017 இல் தொடங்கிய இந்தோனேசிய முன்னச்சுக் களஞ்சியம் விரைந்து வளர்ந்தது. அதனைத் தாங்கிய தளம் ஆண்டுக்கு ஏறத்தாழ 25,000 டொலர் கட்டணம் கேட்டதால் 2020 இல் மூடப்படும் நிலையை எய்தியது. வெற்றியே அதற்குச் சுமையாயிற்று. இலங்கையில் 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகமும் தன்னார்வலர் உழைப்பினாலும் நன்கொடைகளாலுமே தமிழ் ஆவணங்களைப் பேணி வருகிறது. மலையகம் பற்றிய நூல்களையும் பழைய மலர்களையும் நம் மாணவர் இன்று கட்டணமின்றி வாசிப்பது அவர்கள் உழைப்பாலேயே.

இதில் மலையகத்துக்கு என்ன அக்கறை என்பார்க்கு அண்மை வரலாறு விடை கூறும். 2015 இல் கிளைபோசேற்றுக் களைநாசினி தடைசெய்யப்பட்டது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்ந்தது. 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டு அவ்வாண்டிலேயே அத்தடை கைவிடப்பட்டது. ஒவ்வொரு முடிவும் மருந்து தெளிப்போரின் உடலையும் கொழுந்து பறிப்போரின் நாட்கூலியையும் தொட்டது. ஆயினும் அவற்றுக்கு ஆதாரமாகவும் எதிராகவும் காட்டப்பட்ட ஆய்வுகளை வாசித்துத் தமிழில் எடுத்துரைப்போர் லயத்து வாசலுக்கு வந்தாரில்லை.

ஆகவே திறந்த விஞ்ஞானத்தைப் பரப்புவோரைப் பாராட்டுவதோடு நாம் அமைதல் ஆகாது. அவர்தம் நேரத்தைக் கல்விப் பணியாகக் கணித்தல், களஞ்சியங்களுக்கு நிலையான இடமும் நிதியும் அளித்தல், பதவியுயர்வில் அவ்வுழைப்புக்கு மதிப்பிடல் ஆகியன விரிவுரையாளரும் பல்கலைக்கழகமும் செய்யத்தக்கவை. மாணவராகிய நாம், நமது ஆய்வேடுகளைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் எளிய தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் எழுதலாம். நமது தோட்டங்களைப் பற்றிய ஆய்வாயின், அதனைத் தோட்டத்து வாசகசாலையில் வாசித்துக் காட்டலாம். தேயிலையின் தீர்வையால் வளர்ந்த அறிவு அத்தேயிலையைக் கொய்தோரிடம் திரும்பிச் செல்லுதல் தருமமன்று. அது நெடுநாட் கடன்.