கணனி எப்போது கிழடாகிறது? – லினக்ஸ் வழங்கல்களின் கதை

2025ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14ஆம் திகதி மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை முடித்துக்கொண்டது. அதன் பின்வந்த விண்டோஸ் 11, பாதுகாப்புச் சில்லு ஒன்றையும் ஏறத்தாழ 2017இன் இறுதிக்குப் பின்னர் வெளிவந்த செயலியையும் கேட்கிறது. கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் செய்தி வாசிக்கவும் போதுமாயிருந்த எத்தனையோ கணனிகள் இதனால் பழையனவாகிவிட்டன. அவற்றில் ஓர் ஆணி கூடக் கழன்றுவிடவில்லை. 2014 ஏப்ரல் 8ஆம் திகதி விண்டோஸ் எக்ஸ்பிக்கு விடைகொடுக்கப்பட்டபோதும் இதுவே நடந்தது.

ஒரு கணனிக்கு வயதாகிவிட்டது என்று தீர்மானிப்பவர் யார்? இந்தக் கேள்விக்கு மாற்று விடை ஒன்றைத் தேடியவர்களின் வரலாறாகவும் லினக்ஸின் வரலாற்றை வாசிக்கலாம்.

பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991இன் தொடக்கத்தில் 386 வகைக் கணனி ஒன்றை வாங்கினார். அதே ஆண்டு ஓகஸ்ட் 25ஆம் திகதி, பொழுதுபோக்காகத் தாம் எழுதிவரும் இயங்குதளம் பற்றி இணையச் செய்திக்குழு ஒன்றில் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. அவர் எழுதியது இயங்குதளத்தின் கருவான கெர்னல் மட்டுமே. கெர்னலை மட்டும் வைத்துக்கொண்டு சாதாரண மனிதர் ஒன்றும் செய்ய முடியாது. அதனுடன் கட்டளைக் கருவிகள், எழுதுவதற்கான மென்பொருள், திரையமைப்பு ஆகியவற்றைத் தேர்ந்து, பொருத்தி, நிறுவும் வழியையும் சேர்த்து ஒரு பொதியாக்க வேண்டும். அந்தப் பொதிக்கே வழங்கல் என்று பெயர். கெர்னல் ஒன்று, வழங்கல்கள் பல. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் ஆளுக்கு ஆள் கருத்து வேறுபட்டது. அந்த வேறுபாடே பின்னாளில் பழைய கணனிகளுக்கு வாழ்வளித்தது.

1992இல் மான்செஸ்டர் கணனி மையத்திலிருந்து ஒரு வழங்கல் வந்தது. 1993 ஜூலையில் பட்றிக் வோல்கர்டிங் ஸ்லக்வெயரை வெளியிட்டார். அதன் முதற் பதிப்பு 24 நெகிழ்வட்டுகளை நிரப்பியது. ஒன்றன்பின் ஒன்றாக வட்டுகளை மாற்றிக்கொண்டிருக்க, நடுவில் ஒன்று பழுதானால் எல்லாம் முதலிலிருந்து. அதே ஆண்டு ஓகஸ்டில் இயன் மேர்டொக் டெபியனைத் தொடங்கினார். இவ்விரண்டும் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் லினக்ஸ் மேசைக்கு வந்தது. 1996இல் கேடிஈ, 1997இல் க்னோம் ஆகிய திட்டங்கள் தொடங்கின. சுட்டியால் சொடுக்கி வேலை செய்யும் வசதி கிடைத்தது. ஆனால் நினைவகச் செலவும் ஏறியது. லினக்ஸைப் பரீட்சித்துப் பார்ப்பதற்குள் இருந்த அச்சம் வேறு. வன்தட்டைப் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். கை தவறினால் ஏற்கெனவே இருந்த விண்டோஸும் கோப்புகளும் அழிந்துபோகும். வீட்டில் ஒரேயொரு கணனி வைத்திருப்பவர் எந்தத் துணிவில் இதைச் செய்வார்?

இந்தத் தடையைப் பரவலாக உடைத்தவர் ஜேர்மனியைச் சேர்ந்த கிளவுஸ் க்னொப்பர். 2000ஆம் ஆண்டு வெளிவந்த க்னொப்பிக்ஸ், இறுவட்டிலிருந்தே முழுமையாக இயங்கியது. ஏறத்தாழ இரண்டு ஜிகாபைட் மென்பொருள் 700 மெகாபைட் வட்டுக்குள் சுருக்கி அடைக்கப்பட்டிருந்தது. வட்டை இட்டுக் கணனியைத் தொடக்கினால் லினக்ஸ். வட்டை எடுத்துவிட்டால் பழைய கணனி பழையபடியே. இறுவட்டில் இயங்கும் முயற்சிகள் அதற்கு முன்னரும் இருந்தன. எனினும் ஒலி, திரை, வலையமைப்பு ஆகியவற்றைத் தானாகவே கண்டறிந்து இயக்கிய திறமையால் க்னொப்பிக்ஸே எல்லோரும் பின்பற்றிய முன்மாதிரியாயிற்று. ஒரு வாரத்தில் நான்கு வழங்கல்களைச் சுவைபார்க்கும் பழக்கம் இதன் பின்னரே பரவியது.

ஆயினும் வட்டு கைக்குக் கிடைக்க வேண்டுமே! தொலைபேசி இணைப்பில் 700 மெகாபைட்டைத் தரவிறக்க ஒரு முழுநாள் போதாது. 2004 ஒக்ரோபரில் வந்த உபுண்டு இதற்கு ஒரு வழி கண்டது. கேட்டவருக்கெல்லாம் உலகின் எந்த மூலைக்கும் இறுவட்டைத் தபாலில் இலவசமாக அனுப்பியது. 2011இல் அந்தச் சேவை நிறுத்தப்படும்வரை, இணையம் எட்டாத ஊர்களுக்கு லினக்ஸைக் கொண்டு சென்றது தபாற்காரரின் பையே.

மிகப் பழைய கணனிகளுக்கோ உபுண்டுவும் பாரமாக இருந்தது. அவற்றுக்காக உழைத்தவர்கள் வேறு சிலர். ஜோன் அன்ட்ரூஸின் டாம் ஸ்மோல் லினக்ஸ் தனக்குத் தானே 50 மெகாபைட் என்ற எல்லையை விதித்துக்கொண்டது. முகவரி அட்டை அளவிலான சிறு இறுவட்டில் அது அடங்கியது. 16 மெகாபைட் நினைவகம் கொண்ட 486 கணனியிலும் ஓடியது. அவுஸ்திரேலியரான பரி கோலர் 2003இல் தமது நாய்க்குட்டியின் பெயரால் பப்பி லினக்ஸை வெளியிட்டார். அது முழுவதும் நினைவகத்திலேயே ஏறி அமர்ந்துகொள்ளும். மெதுவாகச் சுழலும் பழைய வன்தட்டை அடிக்கடி தேடிப்போக வேண்டியதில்லை என்பதால், பப்பி ஏறிய கிழட்டுக் கணனியின் வேகம் பலரை வியக்கவைத்தது.

தமிழருக்கு இந்த எளிமையில் ஒரு விலை இருந்தது. இலங்கையில் நாம் பழகிய பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. அவற்றுக்கு எழுத்துரு ஒன்றே போதும். யூனிகோட் அப்படியல்ல. 'கெ' என்பதில் ககரம் முதலிலும் கொம்புக்குறி அதன் பின்னரும் சேமிக்கப்படுகின்றன. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் வேலை. 2002இல் வந்த ஜிடிகே இரண்டாம் பதிப்பு இதைச் செய்யும் பாங்கோ என்ற நூலகத்தைத் தன்னுடன் கொண்டிருந்தது. டாம் ஸ்மோல் லினக்ஸ் போன்றவை எடையைக் குறைப்பதற்காகப் பழைய முதலாம் பதிப்பிலேயே தங்கின. ஆங்கிலம் வாசிப்பவருக்கு உயிர்பெற்ற அந்தக் கணனி, தமிழ் வாசிப்பவருக்குப் பாதியளவே உயிர்பெற்றது. சுமை என்று ஒருவர் இறக்கிவைப்பது இன்னொருவருக்கு மொழியாக இருக்கக்கூடும்.

லினக்ஸும் எல்லாவற்றையும் காலமெல்லாம் சுமக்கவில்லை. 2012 டிசம்பரில் 386 செயலிக்கான ஆதரவு கெர்னலிலிருந்து நீக்கப்பட்டது. அந்த மாற்றத்தை முன்வைத்த இங்கோ மொல்னார், 1991இல் டோர்வால்ட்ஸ் வைத்திருந்த கணனியே இனிப் புதிய லினக்ஸை இயக்காது என்பதைச் சுட்டிக்காட்டினார். டோர்வால்ட்ஸ் சற்றும் கலங்காமல், தமக்கு அதில் பாசமேதும் இல்லை என்று கூறி அதை ஏற்றுக்கொண்டார். பிறந்த வீட்டையே இடித்தாயிற்று. 2017இல் உபுண்டு 32 பிட் கணனிகளுக்கான மேசைக்கணனி வட்டை நிறுத்தியது. 2018இல், இலேசான வழங்கலென்று பெயரெடுத்த லுபுண்டு, இனிப் பழைய கணனிகளே தன் நோக்கமல்ல என்று அறிவித்தது. 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் கணனிகளில் நிறுவும் வசதியைக் கைவிட்டது.

இயங்குதளத்தைவிடப் பெரிய சுமை உலாவி. வழங்கல் எவ்வளவு சிறிதாயினும், இன்றைய இணையப் பக்கம் ஒன்றைத் திறந்தால் நினைவகம் மூச்சுத் திணறுகிறது. 2008இன் பின் ஏறக்குறைய உறங்கிப்போயிருந்த டாம் ஸ்மோல் லினக்ஸை ஜோன் அன்ட்ரூஸ் 2024இல் மீண்டும் எழுப்பினார். அவர் வைத்த புதிய எல்லை ஓர் இறுவட்டு, அதாவது 700 மெகாபைட். ஐம்பது எழுநூறானது அவருடைய ஊதாரித்தனத்தால் அன்று, உலகம் பருத்துவிட்டது.

அப்படியானால் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் என்ன வேறுபாடு என்று வாசகர்கள் கேட்கலாம். ஒரு நிறுவனம் கதவை மூடினால் திறப்பும் அதனிடமே இருந்துவிடுகிறது. லினக்ஸில் ஒருவர் கைவிட்டதை இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம். 2017இல் ஆர்ச் லினக்ஸ் 32 பிட்டைக் கைவிட்டபோது வேறு சிலர் சேர்ந்து அதைத் தனித்திட்டமாகத் தொடர்ந்தனர். டாம் ஸ்மோல் லினக்ஸின் மறுபிறப்பும் அன்ரிஎக்ஸ் என்னும் இன்னொரு வழங்கலின் தோளில் ஏறியதே. மூலநிரல் திறந்திருப்பதன் பொருள் இதுதான். ஆனால் அந்த உரிமை மட்டும் ஒரு கணனியையும் இயக்காது. பிழை திருத்தவும் தமிழில் காட்டவும் யாரோ ஒருவர் இரவில் கண்விழிக்க வேண்டும்.

64 பிட் செயலியும் நான்கு ஜிகாபைட் நினைவகமும் உள்ள கணனி உங்கள் வீட்டு மூலையில் கிடந்தால், அதை இரும்புக் கடைக்கு அனுப்புமுன் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எப்சிஈ பதிப்பையோ சுபுண்டுவையோ ஒரு பென்டிரைவிலிருந்து இயக்கிப் பாருங்கள். க்னொப்பரின் வழியில் வந்தவையாதலால் அவை உங்கள் வன்தட்டைத் தொடாமலே இயங்கும். கணனிக்கு வயதாகிவிட்டதா என்பதை அதன் பின்னர் நீங்களே தீர்மானிக்கலாம்.