தண்ணியைத் தூக்கிப் போட்ட கதை

அய்யலூர் தக்காளிச் சந்தையில வாங்கின தக்காளியை வெயில்ல காயப் போட்டா? சுருங்கி, உருவமே மாறிடும். புரதப் படிகமும் அப்படித்தான். 1934-ல பெர்னலும் டோரதி க்ரோஃபூட்டும் பெப்சின் படிகத்தை ஈரத்தோடயே எக்ஸ்ரேயில வெச்சாங்க. அப்பதான் தெளிவான புள்ளிகள் கிடைச்சுது. ஏன்னா படிகத்துல கிட்டத்தட்ட பாதி தண்ணி.

டோரதியோட இன்சுலின் குழுவுல இருந்த எம். விஜயன், பின்னாடி பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல, 1980-கள்ல படிகத்தைச் சுத்தி ஈரப்பதத்தைக் குறைச்சுப் பார்த்தார். தண்ணி போகப் போக புரதமே லேசா அசைஞ்சுது.

கணக்குலயும் இதே தலைவலிதான். புரதத்தை மட்டும் மாடல் பண்ணி, மிச்ச இடத்தை வெற்றிடம்னு விட்டா, லோ ரெசல்யூஷன் புள்ளிகள் ஒத்துப்போகாது. ரொம்ப நாள் பலபேர் அந்தப் புள்ளிகளையே கழிச்சுட்டாங்க. ஃபெயில் ஆகுற டெஸ்ட்டை டெலீட் பண்ற மாதிரி!

அப்புறம் வந்த வழி, மாஸ்க். புரதம் இல்லாத இடம் முழுக்க ஒரே சீரான எலக்ட்ரான் அடர்த்தி. சுத்தத் தண்ணிக்கு அது கன ஆங்ஸ்ட்ராமுக்கு சுமார் 0.33 எலக்ட்ரான். இன்னைக்கும் அந்தப் புள்ளிகள் உதைச்சா, முதல்ல மாஸ்க்கைப் பாருங்க. மருந்து மூலக்கூறு உட்கார்ந்திருக்கிற குழியில புரோகிராம் தண்ணியை ஊத்தியிருந்தா, மருந்தோட தடயமே மங்கிடும்.

மிச்சம்னு ஒதுக்கினதுலதான் பாதிக் கதை இருந்திருக்கு.